டெல்மர் ஹாகியின் கூச்சம்

டெல்மர் ஹாகிக்கு நான்கு வயதானபோது, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அவன் ஊருக்குப் பக்கத்திலிருந்த கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். மனிதனின் குணம் எப்படி உருவாகிறது என்பது கேள்வி. சுற்றுவட்டாரப் பண்ணை வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் கிழவர்களாகும்வரை விடாமல் கவனிப்பதாகத் திட்டம்.

முதல் நாள், பொம்மைகள் நிறைந்த அறையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, கரடித்தலை மாட்டிய ஒரு ஆளை உள்ளே அனுப்பினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் கொஞ்சம் மிரண்டுவிட்டு, பிறகு கரடியின் காதைப் பிடித்து இழுத்தார்கள். டெல்மர் அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தவன், கரடி போன பிறகும் வெளியே வரவில்லை. அம்மா ஐனெஸ் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த பேராசிரியர் வந்து, "கோவிச்சுக்காதீங்க மிசஸ் ஹாகி, இதுக்குக் காரணமே நீங்கதான்" என்றார். "அழுதா உடனே தூக்கிடுறீங்க. பயந்தா பலன் இருக்குன்னு புள்ள கத்துக்கிறான்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு இருங்க. தானா சரியாயிடுவான்."

ஐனெஸ் படித்தவர்கள் சொன்னால் கேட்கிறவள். அன்றிலிருந்து அவனைத் தூக்குவதை நிறுத்தினாள். களஞ்சியப் படியில் விழுந்து முட்டி சிராய்த்து ரத்தத்தோடு ஓடி வந்தபோது, சமையலறைத் தொட்டியருகே முதுகைக் காட்டியபடியே நின்றாள். தட்டுக் கழுவிய கை நின்றுபோனது அவனுக்குத் தெரிந்தது. அவள் ஏன் திரும்பவில்லை என்பதுதான் தெரியவில்லை. கரடிக்குப் பயந்ததற்காக அம்மா இன்னும் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். சத்தம் போடாமல் இருந்தால் கோபம் ஆறும் என்றும் தோன்றியது. இருந்தான்.

பள்ளிக்கூட வயதில் வேறொரு ஆராய்ச்சியாளர் வந்தார். குணம் என்பது பழக்கம்தான், பரிசு கொடுத்தால் பழக்கம் மாறும் என்பது இவர் கட்சி. அந்நியரிடம் பேசும்போதெல்லாம் பையனுக்கு ஒரு புதினா மிட்டாய் கொடுக்கச் சொன்னார். டெல்மர் தபால்காரரிடம் வணக்கம் சொல்லி மிட்டாய் வாங்கினான். கொஞ்ச நாளில் தபால்காரருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "என்னடா டெல், என்னைப் பார்த்தா உனக்கு நாக்குல எச்சி ஊறுதா?" என்று வண்டியில் இருந்தபடியே கேட்டார். அதற்குப் பிறகு தபால் வண்டிச் சத்தம் கேட்டாலே அவன் களஞ்சியத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான்.

ஊரில் கூச்சக்காரன் என்பதே அவன் பெயராகிவிட்டது. தேவாலயத்தில் காபி கொடுக்கிற பெண்கள்கூட, "அவன்கிட்ட கேக்காதீங்க, அது கூச்சப்படும்" என்று கோப்பையை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வளர்ந்து சாலைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தான். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி, கோடையில் மண் சாலையைச் சமன்படுத்தும் வண்டி. இரண்டிலும் ஒரு ஆள்தான் உட்கார முடியும். அது அவனுக்குப் பொருத்தம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். வெள்ளை வயல்களுக்கு நடுவே போகும்போது மட்டும் வாய்விட்டுப் பேசுவான்: எதிரே வரும் வேலிக் கம்பங்களிடம், வானொலியில் தானிய விலை படிப்பவரிடம்.

விதைக் கடையில் வேலை பார்த்த மார்ஜீன் அவனிடம் சிரித்துப் பேசினாள். இரண்டு கோடை மாவட்டச் சந்தைக்குச் சேர்ந்து போனார்கள். ராட்டினத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டபோது அவன் எடுத்துவிடவில்லை. இரண்டாவது கோடை முடியும்போது, சந்தையில் வைத்து அவளே கேட்டாள்.

"நீயா வாயைத் திறந்து எப்பதான் கேக்கப்போற?"

"எனக்கு அதெல்லாம் வராது மார்ஜீன். நான் கூச்ச சுபாவம். காலேஜ்லயே சொல்லியிருக்காங்க."

"அப்ப காலேஜையே கட்டிக்கோ" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அவன் ஏதாவது சொல்வான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அடுத்த வசந்தத்தில் வேறொருவரை மணந்து டுலூத் நகரத்துக்குப் போய்விட்டாள்.

டெல்மருக்கு நாற்பது தாண்டியபோது ஆஸ்கே என்ற புதிய பேராசிரியர் வீட்டுக்கே வந்தார். அப்பா இறந்து போயிருந்தார், அம்மாவும் மகனும்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆஸ்கே நல்ல செய்தி கொண்டுவந்தவர் போலப் பேசினார்.

"சில குழந்தைங்க பிறக்கும்போதே இப்படித்தான். ரத்தத்துலயே இருக்கு. பழைய ஆளுங்க தாய்மேல பழி போட்டது தப்பு. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கம்மா."

ஐனெஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் தூக்கியிருந்தாலும் இவன் இப்படித்தான் இருந்திருப்பானா?"

"அனேகமா."

"தூக்கியிருக்கலாமா?"

ஆஸ்கே கேள்வி புரியாமல் டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தன் காபியைப் பார்த்தான். அவர் கிளம்பிப் போனபின் ஐனெஸ் கத்தியை வைத்தாள்.

"அவங்க தூக்காதேன்னாங்க, டெல். நீ ராத்திரி அழுவே. நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில உக்காந்திருப்பேன்."

"எனக்குத் தெரியாதேம்மா."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னாங்க."

அம்மா தன்மேல் கோபமாக இருந்ததே இல்லை; கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக அவன் சுமந்த குற்றம் இல்லவே இல்லை. எழுந்து அவள் தோளில் கை வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அவளுக்கும் அப்படி ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் கிழங்கை அடுப்பில் ஏற்றினாள்; அது வேகும்வரை இருவரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடைசியாக மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தபோதுதான் அவன் அந்தக் கையைப் பிடித்தான்.

அவன் ஓய்வு பெற்ற பிறகு நோரீன் ட்வெட் என்ற இளம்பெண் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து வந்தாள். ஆராய்ச்சியை மூடுகிறார்கள், இதுதான் கடைசிப் பேட்டி என்றாள். கேள்விகள் முடிந்ததும், அவன் இதுவரை யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"என்னை மாதிரி கரடிக்குப் பயந்த புள்ளைங்க மத்தவங்க எல்லாம் என்ன ஆனாங்க?"

"பாதிக்கு மேல மாறிட்டாங்க, மிஸ்டர் ஹாகி. ஒருத்தர் ஏலம் விடுறவர். வாயே மூட மாட்டார். ஒரு அம்மா மேயரா இருந்தாங்க."

"ரத்தத்துல இருக்குன்னு சொன்னாரே ஆஸ்கே."

"கொஞ்சம் இருக்கும். கொஞ்சம் வீடு, கொஞ்சம் சந்தர்ப்பம். எது எவ்வளவுன்னு உண்மையிலேயே எங்களுக்குத் தெரியாது." அவள் தன் குறிப்பேட்டை மூடினாள். "இதை யாரும் உங்ககிட்ட சொல்லலியா?"

"நானும் கேக்கல."

இன்னொரு காபி குடிக்கச் சொன்னான். அவளுக்கு மாலைக்குள் நகரத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கார் திரும்பி மறையும்வரை வாசலில் நின்றான். வாழ்நாளெல்லாம், அவன் எப்படி இருக்கிறான் என்று முறை வைத்துக் கேட்டவர்கள் இந்த ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும்தான்.

அந்த வாரம் முழுவதும் மார்ஜீன் சந்தையில் காத்துக்கொண்டு நின்றதே கண்ணில் நின்றது. சனிக்கிழமை காலை ஊர்க் காபிக் கடைக்குப் போனான். வழக்கமாக முகப்பிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவன், விவசாயிகள் உட்காரும் வட்ட மேசையில் காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன டெல், வழி தவறிட்டியா?" என்றார் எமெட் என்ற பால் பண்ணைக்காரர்.

"இல்ல. காலு வலிக்குது, உக்காந்தேன்" என்றான் டெல்மர். முகம் கொதித்தது. பிறகு, "அது பொய். பேசலாம்னு வந்தேன்" என்றான்.

"சரி, பேசு."

ஒன்றும் வரவில்லை. மேசையே காத்திருந்தது. கடைசியில் எமெட் சோள விலையைப் பற்றி ஆரம்பித்தார். மற்றவர்கள் நிம்மதியாகச் சேர்ந்துகொண்டார்கள். டெல்மர் காபி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனான். ஒருவரும் இல்லாத சமையலறையில், சோள விலையைப் பற்றித் தான் சொல்லியிருக்க வேண்டியதைத் தொட்டியைப் பார்த்து உரக்கச் சொன்னான். அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனான்.