ஓணான் முதுகில் ஒட்டிய தோல்

எழுபதுகளின் கடைசியில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலியாகக் கிடந்த பங்களாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு டீச்சர் வந்து தங்கினார். ஓணான் ஆராய்ச்சி. கொழுந்தெடுத்து வந்தபிறகு கூண்டு கழுவுவது என் வேலை. ஓர் ஓணானின் முதுகில் இன்னொன்றின் தோலை வெட்டி ஒட்டுவார். பக்கத்திலேயே அதன் சொந்தத் தோலில் ஒரு துண்டை எடுத்துத் திரும்ப ஒட்டுவார். வேலையற்ற வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் வாரக்கணக்காகியும் இரண்டும் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் என் சின்ன மகள் குளிக்கக் காய்ச்சிய வெந்நீரை இழுத்து மேலே கொட்டிக்கொண்டாள். வலது கை முழுக்க வெந்துவிட்டது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, புண் பக்குவப்பட்டதும் புதுத் தோல் வைக்க வேண்டும் என்றார்கள். பிள்ளை அலறினாள்.

"அழாத கண்ணு. அம்மா தோல எடுத்து ஒட்டிருவாங்க. உன்மேல கத்தியே படாதுலா" என்றேன்.

ஓணானுக்கே ஒட்டுகிறது, பெற்றவள் தோல் ஒட்டாதா? அவ்வளவு தெம்பு எனக்கு. தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தேன்.

இடையில் டீச்சர் கூண்டுகளுக்குள் பல்பு எரியவிட்டுச் சூடேற்றியிருந்தார். ஒருநாள் கழுவப் போய்ப் பார்த்தால், அந்த வேற்றுத் தோல் கறுத்துச் சுருங்கி உதிர்கிறது. சொந்தத் தோல் அப்படியே இருக்கிறது.

"என்னா டீச்சர் இது? நல்லாத்தானே ஒட்டியிருந்துச்சு!"

"ஒட்டவே இல்லக்கா. வேற உடம்புன்னு அதுக்கு அப்பவே தெரியும். இந்தக் குளிர்ல மெதுவாத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு. சூடு பட்டதும் வேகமாயிடுச்சு."

"மனுசனுக்கு?"

"இன்னும் வேகம்."

"பெத்தவ தோலுமா?"

டீச்சர் கூண்டைச் சாத்தினார். "அதுவும்தான்க்கா."

என் வயிற்றில் கிடந்து, என் ரத்தத்தில் வளர்ந்த உடம்பு. அதற்கு நான் வேற்றாளா? இது என்ன அநியாயம்! லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

டாக்டரும் அதையேதான் சொன்னார். பிள்ளையின் தொடையிலிருந்தே தோலை எடுப்பார்களாம். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆபரேஷன் அன்று காலை, தாதி வந்து அவள் தொடையில் மருந்து தடவ ஆரம்பித்தாள். பிள்ளை திடுக்கிட்டாள். பிறகு நல்ல கையால் என் கையைப் பிடித்திழுத்துத் தாதியின் முன்னால் நீட்டினாள்.

"அங்க இல்ல மிஸ்ஸி. இங்க தடவுங்க. அம்மா தோலு இதுதான்."