சவுண்டைக் கொறச்சா செத்துப்போற ஆம்ப்

உங்க ஆளுக்கு சர்ப்ரைஸ் குடுக்கப் போயி சொதப்பிக்கீறீங்களா? நான் சொதப்பிட்டேன்.

என் ஆளு திவ்யா, ஆவடி குவார்ட்டர்ஸ். அவ அப்பா ஃபேக்டரில நைட் ஷிப்ட் முடிச்சு பகல்ல தூங்குவாரு. அவகிட்ட கிட்டாருக்கு ஒரு சீப்பான ஆம்ப்ளிஃபையர் இருந்துச்சு, ட்யூப் இல்லாத சாலிட் ஸ்டேட் டைப்பு. அந்த ஆம்ப்ல எவ்ளோ மெதுவா வெச்சாலும் கிட்டார் சூப்பரா கேக்கும், அவரும் முழிக்கமாட்டாரு. நான் அதை டப்பான்னு கலாய்ப்பேன். சர்வீஸ் பண்றேன்னு வாங்கிகினு போயி, கடைல எக்ஸ்சேஞ்ச்ல குடுத்து அவளுக்குப் பெரிய ட்யூப் ஆம்ப் எறக்கினேன். அது சத்தமா வெச்சாதான் கெத்து, கொறச்சா செத்த சவுண்டு.

"மெதுவா வாசிக்கத்தான்டா அதை வாங்குனேன். உன்ன யாரு மாத்தச் சொன்னா?"ன்னு கேட்டா. அத்தோட பேச்சை நிறுத்திட்டா.

இப்பல்லாம் அடுத்தவங்க பொருளைக் கேக்காம தொடறதில்ல. அன்னிக்கே பழைய ஆம்ப்பை திருப்பி வாங்கக் கடைக்கு ஓடுனேன், அதுக்குள்ள வித்துப்போச்சு. திவ்யா இப்போ கிட்டார் வாசிக்கறதில்ல.