உபதேசியார் கேட்ட ஒரு வார்த்தை

அம்பாங்கான் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் கைப்பேசியில் செய்தி வந்தது. உபதேசியார் சவரிமுத்து காலையில் இறந்துவிட்டார். மீன்காரர், "வெட்டணுமாக்கா, முழுசாவே வேணுமா?" என்று கேட்டார். வெட்டச் சொன்னேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. 'அப்பாடா' என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் தோன்றியது தோன்றியதுதான்.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சிடும் நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னார்கள். "நல்லதா நாலு வரி போதும்லா" என்றார் கோயில் குழுச் செயலாளர். நல்லதாக எழுத உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர், ஓய்வு பெற்ற பிறகு அதே குரலில் செபமாலை சொல்லிக்கொடுத்தார். சாமியார் மாதம் ஒருமுறை மட்டும் வந்துபோன அந்தச் சிற்றாலயத்தை ஒரு ஞாயிறும் பூட்டவிடாமல் காத்தார். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னோடு சண்டை பிடித்த சவரிமுத்துவை நான்தான் எழுத வேண்டும்.

போர் துரத்தி, மன்னாரிலிருந்து எங்கெங்கோ அலைந்து, செனாவாங்கைத் தாண்டியிருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். கையில் அகதி அட்டை. இடுப்பில் மூன்று வயது ஸ்டெல்லா. என் கணவருக்குக் குலை வெட்டும் வேலை கிடைத்தது. மலாய் பேசும் தெரியாத நாட்டில் கோயிலாவது நமக்குத் தெரிந்த இடமாக இருக்கும் என்று நம்பி முதல் ஞாயிறே போனோம்.

வாசலில் உபதேசியாரின் மனைவி பிலோமினா அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "வாம்மா, புதுசா வந்தவங்களா? உள்ள வாங்க" என்றார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. எங்கள் ஊரில் வேதக்காரப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. "அக்கா, முதல்ல பொட்டை அழிச்சுப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. இது கோயிலெல்லோ!" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. தோட்டத்துக் கிறிஸ்தவப் பெண்கள் பொட்டும் பூவுமாகத்தான் பூசைக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பக்கத்தில் நின்ற பத்துப் பேரின் நெற்றியிலும் பொட்டு இருந்தது. அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கோயிலுக்குள் வராமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

"உன்ர வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ?" என்று வழியெல்லாம் என் கணவர் திட்டினார். "நான் என்ன பொய்யே சொன்னனான்?" என்று திருப்பிக் கேட்டேன். அந்தத் திமிர் எனக்கு நன்றாக உதவியது!

உபதேசியார் அன்று வழக்கம்போலச் செபத்தை நடத்தி முடித்தார். அக்டோபரில் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் செபமாலை சொன்னபோது எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனார். கேட்டதற்கு, "ஒங்க லயத்துல எடம் பத்தாதும்மா" என்றார். சுவரொட்டிய அடுத்த லய வீடும் அதே அளவுதான். மாதா அங்கே போனாள். நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்து செபித்தோம். அடுத்த வருடமும் அப்படித்தான். மனிதருக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எட்டு வயதில், முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அவளைச் சேர்க்கப் போனேன். உபதேசியார் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார். பங்கர் வாசலில், ஒரு போத்தல் தண்ணீரில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே பெற்ற ஞானஸ்நானம் அது. கொடுத்த சுவாமியும் திரும்பி வரவில்லை, பதிவேடும் இல்லை. சொன்னேன், அழுதேன். "ஞானஸ்நான சூராட் இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார். அந்தப் பிள்ளைக்கு இந்த நாட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடம் கிடையாது, அவளுடைய பெயர் எந்தப் பதிவிலும் கிடையாது. கோயில் புத்தகத்திலாவது அவள் பெயர் ஏறட்டும் என்றுதான் நான் தவித்தேன். மற்றப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு நடந்தார்கள். என் பிள்ளை பின் வரிசையில் இருந்து பார்த்தாள். தைத்து வைத்த வெள்ளைச் சட்டையின் கீழ்மடிப்பை இரண்டு முறை பிரித்து இறக்கினேன். "அம்மா, யேசுவுக்கு என்னில கோவமோ?" என்று அவள் கேட்டாள்.

மூன்றாம் வருடம், பூசை முடிந்து காரில் ஏறப்போன சாமியாரை மறித்தேன். "நேர்ல பார்த்த ஒருத்தர் சத்தியம் பண்ணி எழுதிக்கொடுத்தா போதுமேம்மா. உபதேசியார் சொல்லலையா?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே கோயிலுக்குள் போனேன். உபதேசியார் பீடத்துத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இது தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும்."

"பிறகேன் ரெண்டு வருசம் என்ர பிள்ளையைப் பின்னுக்கு இருத்தினீங்கள்?"

மடித்த துணியைக் கீழே வைத்தார். "ஒன் வாய் வார்த்தைய நான் எப்படிம்மா நம்புறது? அந்த வாய்தானே என் வீட்டுக்காரிய அழ வெச்சுச்சு. முப்பது வருசம் பொட்டோட இந்தக் கோயிலக் கூட்டுனா. நீ சொன்ன நாளுலேருந்து வெறும் நெத்தியோட வர்றா. ஏழு வருசத்துல ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டியா?"

"சின்னப் பிள்ளையில பழி தீர்க்கிறவரிட்ட நான் ஏன் கேக்கோணும்?"

"என்கிட்ட இல்ல. அவகிட்ட."

நான் வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் நானே சத்தியம் எழுதிக்கொடுத்தேன். அந்த வருடம் ஸ்டெல்லா புதுநன்மை வாங்கினாள். அவள் பெயரை உபதேசியாரே தன் கையால் புத்தகத்தில் எழுதினார். நான் நன்றி சொல்லவில்லை. அவரும் முகம் கொடுக்கவில்லை. செனாவாங்குக்கு வீடு மாறிய பிறகும், ஞாயிறுதோறும் ஒரே கூரையின் கீழ் இருவரும் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று சொல்லிவிட்டு முறைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம்.

அடக்கத்தன்று போனேன். பிலோமினா அக்காவின் பக்கத்தில் இருந்து, குனிந்து, "அக்கா, அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னைக்கு எல்லாரு முன்னாடியும்தானே சொன்னே? இப்ப என் காதுல வந்து சொல்றியே."

நான் எழுந்து வந்துவிட்டேன். ஆகவேதான் இதை எழுதுகிறேன். அன்று வாசலில் நின்றவர்களில் பாதிப் பேராவது இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள்.

பிலோமினா அக்கா, நான் செய்தது பிழை. உங்கள் கோயில் வாசலில், நேற்று வந்த நான் உங்களை அவமானப்படுத்தினேன். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உபதேசியாரே, இது உங்களுக்கில்லை. என் பிள்ளை பின் வரிசையில் இருந்த இரண்டு வருடத்தை நான் மறக்கவில்லை. உங்கள் மேலுள்ள கோபத்தை நானே வைத்துக்கொள்கிறேன்.