இரண்டு புள்ளடிகள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜனாதிபதித் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் எதிராக, குடைச் சின்னத்தில் மூன்றாவதாக ஒருவர் நின்றார். நயினாதீவுக்குப் பாலம் போடுவேன், அரிசியைப் பாதி விலைக்குத் தருவேன் என்றார். தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கடையைப் பூட்டிவிட்டு அவருக்காக எங்கள் ஊர் வேலணைக்கு வந்து இறங்கினார்.

பெரிய கட்சி ஒன்றின் ஆளை ஆதரித்த அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "குடைக்குப் போட்டால் மற்றவன்தான் வெல்லுவான்."

"ரெண்டு பேரும் ஒண்டுதான் அத்தான். அதுக்குத்தானே ஒண்டு ரெண்டு எண்டு இலக்கம் போடுற விருப்பு வாக்கு இருக்கு. அக்கா ஒண்டைக் குடைக்குப் போடட்டும், ரெண்டை உங்கட ஆளுக்குப் போடட்டும்."

"ஒண்டு என்ர ஆளுக்கு. இல்லையெண்டால் நீர் இந்த வாசல் படலை தாண்டி வரக்கூடாது."

"அக்கா குடைக்குப் போடாட்டி நான் ஏன் இஞ்ச வாறன்?"

அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் கொப்பித் தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, மூன்று சின்னங்களும் வரைந்து ஒரு வாக்குச்சீட்டு செய்திருந்தேன். தேர்தலுக்கு முதல்நாள் அம்மா அதில் குடைக்கு 1, அப்பாவின் ஆளுக்கு 2 என்று வடிவாக எழுதி, "சரியே?" என்று கேட்டார். பிறகு அதை மடித்து என் கொப்பிக்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் வாக்களித்துவிட்டு வந்த அம்மாவை அப்பாவும் மாமாவும் படலையிலேயே மறித்தார்கள்.

"ஆருக்கு அக்கா ஒண்டு?"

"ரெண்டு பேருக்கும் புள்ளடி போட்டனான்."

"ஐயோ, அம்மாவின்ர வோட்டு செல்லாது!" என்று கத்தினேன். இலக்கத்துக்குப் பதிலாக இரண்டு புள்ளடி, அதாவது இரண்டு பெருக்கல் குறி, இருந்தால் கழித்துவிடுவார்கள் என்று மாமாதான் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்.

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உம்மட அக்காவுக்கு ஒண்டு ரெண்டு எழுதவும் மறந்துபோச்சு" என்றார் அப்பா. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறினார். பிழையைக் கண்டுபிடித்த பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

குடைக்காரர் தோற்றார். பாலமும் வரவில்லை. மாமா மட்டும் சாகும்வரை வருடம் தவறாமல் வந்துபோனார்.

போன ஜனாதிபதித் தேர்தலன்று, அம்மா இல்லாத வீட்டில் பழைய கொப்பிகளை அடுக்கும்போது அந்தத் தாள் கிடைத்தது; 1, 2 இரண்டும் அம்மாவின் கையெழுத்தில் வடிவாக இருந்தன. பெட்டிக்குள் உண்மையில் என்ன போட்டார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் குடைக்காரர் நின்ற அந்தத் தேர்தலுக்குப் பிறகு, அம்மா இருந்தவரை, ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல்நாள், அவரை இருத்தி வைத்துப் புள்ளடி போடப் பழக்கினேன். "ஒண்டே ஒண்டுதான் அம்மா, விளங்குதே?"

"ஓம் பிள்ளை" என்று சொல்லி, நான் காட்டிய இடத்தில் போட்டுக் காட்டுவார்.