குளிக்காமல் வந்த ஆட்டக்காரர்கள்

எங்கள் அத்தான் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரரா, இல்லை குற்றாலத்துத் தண்ணீர்தான் அவரைப் பெரிய ஆட்டக்காரர் ஆக்கியதா? தென்காசியில் அந்த வருஷங்களில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை என்று சொன்னால் அது புளுகு. ஆனால் காப்பிக் கடையில் கிரிக்கெட் தெரிந்த நாலு பேர் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் எழுந்திருக்க மாட்டார்கள். அவர் என் அக்காவின் கணவர். அவர் பந்து போடும்போது ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பிடிக்கிறவன் நான்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷங்கள் அவை. அத்தான் பாளையங்கோட்டையில் படிக்கப் போன இடத்தில் படிப்பை விட்டுவிட்டு கிரிக்கெட்டைக் கற்றுக்கொண்டு வந்தவர். இலஞ்சிப் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் இருந்ததால் யாரும் அவரை ஏன் என்று கேட்கவில்லை. பந்தும் போடுவார், மட்டையும் பிடிப்பார். இரண்டும் தெரிந்தவனை ஆல்ரவுண்டர் என்று சொல்ல வேண்டும் என்பதையே அவர் சொல்லித்தான் ஊர் தெரிந்துகொண்டது. அந்தப் பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது. வயலில் களையெடுக்கிற பெண்கள்கூட 'ஆலுரண்டரு வாராரு' என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் ஊர் டீம் வெளியூர் போய் ஆடியதே இல்லை. போக வேண்டிய தேவை என்ன? ஆனி ஆடியில் சாரல் விழ ஆரம்பித்தால் திருநெல்வேலிக்காரன், மதுரைக்காரன், தூத்துக்குடிக்காரன் எல்லாரும் 'உங்க ஊர்ல ஒரு மேட்ச் வச்சுக்கிடுவோமா' என்று தானாகவே வருவான். குற்றாலத்தை விட்டுவிட்டு வெயிலில் போய் நிற்க எங்கள் ஆட்களுக்கு என்ன பைத்தியமா? அத்தான் ஒரு தடவை எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தார். ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது நானும் அவரும்தான்.

வருகிற டீமுக்கு நாங்கள் செய்கிற மரியாதை ஒன்று உண்டு. அதில் யாரும் கைவைக்க முடியாது. காலை ரயிலில் வந்து இறங்கியதும் வண்டி கட்டிப் பேரருவிக்குக் கூட்டிப் போவோம். அங்கே எண்ணெய் தேய்த்துவிட ஆள் இருக்கும். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். அப்புறம் அருவி. அருவியில் நின்று வந்தவனுக்குப் பசி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அவியலும் செய்து வைத்திருப்பாள். கேட்கக் கேட்கப் போடுவோம். போதும் என்று இலையை மூடினால் கோபித்துக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் பிட்சுக்குத் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஆணி அடித்து, ஆட்டம்.

இதைப் பற்றி முதலில் வாயைத் திறந்தவர் முன்சீப் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்த அண்ணாச்சி. அத்தானைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு மேட்ச் விடாமல் குடையோடு வந்து உட்காருவார். ஒரு சாயங்காலம் காப்பிக் கடையில் ஆளுக்கு ஆள் அத்தானைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கேன். வந்தவன எண்ணெயில ஊறப் போட்டு, அருவியில அடிச்சுத் துவைச்சு, வயிறு முட்ட உளுந்தஞ்சோத்தையும் போட்டு நிப்பாட்டினா அவன் ஆடுவானா, தூங்குவானா? எண்ணெய்க் கையில பந்து நிக்குமா? இவரு விக்கெட்ட எடுத்தாரா, எண்ணெய் எடுத்துச்சா? இவரு ரன் அடிச்சாரா, உளுந்தஞ்சோறு அடிச்சுதா?"

கடை முழுக்கச் சிரித்தது. அத்தானும் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. என் இடது கைச் சுண்டு விரலை நீட்டிக் காட்டினேன். அது இன்றைக்கும் வளைந்துதான் இருக்கிறது. அத்தான் போட்ட பந்து பாயில் குத்தி, வெளியே போகிற மாதிரி போய் உள்ளே திரும்பி, மட்டைக்காரனை ஏமாற்றியதோடு என்னையும் ஏமாற்றி ஒடித்த விரல்.

"நான் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கல அண்ணாச்சி. சாப்பிடவும் இல்ல. இந்த விரலு எப்பிடி ஒடிஞ்சுது?"

"நீரு அவருக்கு மச்சினன். வேண்டப்பட்ட சாட்சி. எடுபடாது வே" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. கோர்ட்டில் நாள் முழுக்க அடுத்தவர் வழக்கைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஒன்று நடத்திப் பார்க்க ஆசை. ஆனால் வாய்ச்சொல் விளையாட்டு என்று அவர் நினைத்தது அத்தானின் உள்ளே போய் முள்ளாகத் தைத்துவிட்டது. இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். வாசலுக்கு வந்ததும் அத்தான் நின்றார்.

"மாப்ள, அவரு சொல்லுதது நெசமா இருக்குமோ?"

"அவரு கிடக்காரு அத்தான். வாய்க்கு வந்தத ஒளருதாரு."

"இல்ல. எனக்கே தெரியலியே. இங்க வந்த பொறவு நான் காய்ஞ்ச தலைக்காரனுக்கு ஒரு மேட்ச்லயாவது பந்து போட்டிருக்கனா? நீ சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். போட்டதில்லை. அதற்குப் பின் அவர் ஆட்டத்தில் சிரிப்பே போய்விட்டது. விக்கெட் விழுந்தால் ஊர் கத்தும். அவர் அவுட்டான ஆளின் தலையைப் பார்ப்பார். கிட்டத்தட்ட முப்பது வயது ஆள், பிள்ளை குட்டிக்காரர், இரண்டு வருஷம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏலே, அவுகளுக்கு என்ன செய்யுது? சோத்துப் பானையப் பாத்தாலே மூஞ்சி மாறுது" என்று அழுதாள்.

கடைசியில் அவரே ரயிலேறித் திருநெல்வேலி டீமின் கேப்டனைப் போய்ப் பார்த்து வந்தார். கேப்டன் நல்ல உயரம், அடித்து ஆடுகிறவர், எங்கள் ஊருக்கு ஏழெட்டு சாரல் வந்து போனவர். ஆட்டத்தை முதலில் வைத்துக்கொள்வது, குளியலும் சாப்பாடும் பிறகு என்று பேசி முடித்தார்கள். காரணத்தை அத்தான் சொல்லவில்லை. சொல்லக் கூச்சம். எங்கள் ஆட்களிடம் வந்து சொன்னபோது பெரிய ரகளை ஆனது. வீடு தேடி வந்த விருந்தாளியைக் குளிக்கச் சொல்லாமல் மைதானத்தில் இறக்குவதா? நாளைக்குத் தென்காசிக்காரன் என்று வெளியே சொல்ல முடியுமா? "ஒரே ஒரு மேட்ச் அண்ணாச்சி, எனக்காவ" என்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பெஞ்சு கிளார்க் அண்ணாச்சியே "சரி, தீர்ப்பு தெரிஞ்சுரும்லா" என்று அவர் பக்கம் பேசியதால்தான் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நாள் சாரல் இல்லை, இளவெயில். பாய் காய்ந்து கட்டையாக இருந்தது. அத்தான் விடிவதற்கு முன்பே வந்து ஒவ்வோர் ஆணியையும் காலால் மிதித்துப் பார்த்துவிட்டார். அவர்கள் டீம் வந்தது. முதல் மட்டைக்காரர் வந்து பாயில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் குனிந்தேன்.

நல்லெண்ணெய் வாசனை. அதோடு சீயக்காய்.

நிமிர்ந்து பார்த்தேன். பிடரி பளபளவென்று இருந்தது. காது மடலுக்குப் பின்னால் சீயக்காய்த் தூள்கூட முழுதாகப் போகவில்லை. எதிரே அத்தான் பந்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு வருஷங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காய்ந்த தலைக்காரனுக்குப் பந்து போடப் போகிற சந்தோஷம். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல?

அன்றைக்கு அவர் போட்ட மாதிரி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பந்து என் கையுறைக்குள் வந்து விழும்போது உள்ளங்கை எரிந்தது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அவர் குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்த பெஞ்சு கிளார்க்கைத் திரும்பிப் பார்ப்பார். அந்த மனுஷர் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டனின் நடு ஸ்டம்பு பறந்தபோது அத்தான் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பாத்தியா மாப்ள, பாத்தியா" என்றார். என் கழுத்தில் அவர் கண்ணீர் சூடாக விழுந்தது.

அவர்கள் ஆட்டம் முடிந்து எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். கேப்டன் மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"என்ன இருந்தாலும் பேரருவி பேரருவிதான் சார். காலைல போய் நின்னோம் பாருங்க, உடம்பெல்லாம் காத்தாப் போச்சு."

அத்தான் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் முந்தின நாள் சாயங்கால ரயிலிலேயே வந்துவிட்டார்கள். ஸ்டேஷனில் அவர்களைப் பார்த்த பெஞ்சு கிளார்க் தம் வீட்டில் தங்க வைத்தார். விடிந்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. வந்த விருந்தாளி அருவிச் சத்தம் கேட்கிற ஊரில் குளிக்காமல் போவதா, அதுவும் தான் ஏதோ விளையாட்டாகச் சொன்ன பேச்சுக்காகவா? வண்டி பேசி, எண்ணெய்க் கிண்ணத்தோடு தாமே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"எண்ணெய் மட்டுந்தான் வே. சோறு போடல. சத்தியமாப் போடல" என்றார் அவர். அழுகிற குரலில் சொன்னார். அதைக் கேட்டுச் சிரிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை.

அத்தான் மட்டை பிடிக்கப் போனார். முதல் பந்து நேராக வந்தது. மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு சும்மா நின்றார். ஸ்டம்பு விழுந்தது. எண்ணெய்க் கை போட்ட பந்தை அடித்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி நடந்து வந்துவிட்டார்.

அடுத்த சாரலுக்கு மறுபடியும் வைத்துக்கொள்வோம், ரயிலடியிலிருந்து நானே காவல் இருந்து கூட்டி வருகிறேன் என்று பெஞ்சு கிளார்க் சத்தியம் செய்தார். அத்தானும் சரி என்றார். ஆனால் அடுத்த சாரலுக்குச் சற்று முன்னால் அவருக்கு விஷக் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்து பார்த்தார், மருந்து கொடுத்தார், பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார். காய்ச்சல் வேகத்தில் அத்தானுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றால் என் கையைத் தடவிப் பிடித்து ஒரே கேள்விதான்.

"இவுக குளிச்சிட்டா வந்திருக்காக?"

"இல்ல அத்தான். எல்லாரும் காய்ஞ்ச தலைதான்."

உடனே வலது கை விரல்கள் இல்லாத பந்தைப் பிடிக்கும். சாரலின் முதல் தூற்றல் விழுந்த அன்று காலையில் அந்த விரல்கள் என் கைக்குள் அடங்கிப் போயின. அவரைப் போல ஒருவரை நான் பிறகு பார்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தச் சாட்சியும் வேண்டாம்.

மூன்றாம் நாள் திருநெல்வேலி டீம் துட்டி கேட்க வந்தது. எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் வழியில் எங்கும் நிற்காமல் நேரே வர வேண்டும், குளிப்பு முழுக்கெல்லாம் திரும்பிப் போய்த்தான். நல்ல சாரல். பேரருவியில் தண்ணீர் கொட்டுகிற நேரம். அருவிக்குப் போகலாமா என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எண்ணெய் காணாத பரட்டைத் தலையோடு வரிசையாகப் பந்தல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தத் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெஞ்சு கிளார்க் கேப்டனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மூன்று நாளில் கிழவராகிவிட்டிருந்தார்.

"உங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க குளிச்சதுனாலதான் தோத்தீங்களா?"

கேப்டனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன சார் பேசுறீங்க? நாங்க ஏழெட்டு வருஷமா இங்க வாறது அருவிக்குன்னா நெனச்சீங்க? அருவி எங்க போயிரும்? அவரு பந்துல நிக்கணும்னு வாறோம். குளிச்சாலும் அவுட்டு, குளிக்காட்டியும் அவுட்டு. ஜில்லாவுக்கே தெரியுமே."

"இத அவன்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"அவரு கேக்கலியே சார். அவருக்கே தெரியாதுன்னு நாங்க எதக் கண்டோம்?"

பெஞ்சு கிளார்க் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது உள்ளே கதவு அசைந்தது. அக்கா நிலைப்படிக்கு வந்து நின்றாள். துக்கத்தில் இருக்கிறவள் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் வருவது வழக்கமில்லை. அவளுக்குப் பின்னால், அத்தான் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இப்பம் சொன்னியளே, அத இன்னொரு மட்டம் சொல்லுங்க" என்றாள் கேப்டனைப் பார்த்து. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

கேப்டன் எழுந்து நின்றார். விளக்கு இருந்த அறையைப் பார்த்துத் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.