எந்த ஆடு போட்ட குட்டி

தையல்காரியான அவளைத் தெருவில் கறாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பாள். அவளுடைய செம்மறியும் ஓரகத்தியின் செம்மறியும் ஒரே கொட்டகையில் நிறைசினையாக இருந்தன.

ஒரு காலையில் அவளுடைய ஆடு ஈரம் காயாத குட்டி ஒன்றை நக்கிக்கொண்டிருந்தது. ஓரகத்தி வந்து அதைத் தூக்கியதும் கறாரக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் குட்டிய எங்கடி தூக்கிட்டுப் போற, திருடி!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

"அக்கா, உங்க ஆடு இன்னும் குட்டி போடல. என் ஆட்டுக்குத்தான் நஞ்சுக்கொடி தொங்குது, பாருங்க. குட்டி போடப்போற ஆடு சில நேரம் அடுத்ததோட குட்டியையும் நக்கும்."

கறாரக்கா அந்த ஆட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியைப் பிடுங்கித் தன் ஆட்டிடமே விட்டாள்.

வெயில் ஏறியதும் அந்த ஆடு தீனியை விட்டு மூலைக்கு ஒதுங்கியது. காலால் தரையைப் பறண்டியது; படுத்துப் படுத்து எழுந்தது. பனிக்குடம் உடைந்து, இரண்டு முன்னங்குளம்புகளும் அவற்றின்மேல் ஒரு மூக்கும் தெரிந்தன. சிறிது நேரத்தில் குட்டி வழுக்கிக்கொண்டு விழுந்தது. கறாரக்காவுக்கு முகம் சுண்டிப்போனது.

முதல் குட்டியை எடுத்துக்கொண்டு ஓரகத்தியின் வாசலில் போய் நின்றாள்.

"என் ஆடு இப்பத்தான் போட்டுச்சு. இது உன்னோடதுதான்," என்று முணுமுணுத்தாள்.

"திருடின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினீங்க. இத மட்டும் ஏன்க்கா மெதுவா சொல்றீங்க?"

குழாயடியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "நான் சொன்னது தப்பு. குட்டி இவளோடது," என்று கறாரக்கா உரக்கச் சொன்னாள். குட்டியை ஓரகத்தியின் கையில் கொடுத்தாள். தலை நிமிராமல் கொட்டகைக்குத் திரும்பினாள்.