மஞ்சள் ரோஸான மத்தியானம்

பொட்டு அளவு மஞ்சள் ஜெல் என் கண்ணெதிரே ரோஸாக மாறியதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சல் போடத் தோன்றுகிறது. தொண்ணூறுகளில் ராயப்பேட்டையில் ஒரு சின்ன எண்டோஸ்கோப்பி கிளினிக்கில் நான் டெக்னீஷியன். வயிற்றுக்குள்ளிருந்து டாக்டர் கிள்ளித் தரும் துணுக்கை அந்த ஜெல்லில் வைப்பது என் வேலை. அல்சர் கிருமி இருந்தால் நிறம் மாறும். காரமும் கவலையும்தான் காரணம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கிருமியாம், மாத்திரையில் சாகுமாம்! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பிரியாணி மாஸ்டர் எங்கள் தெருக்காரர். தம் உடைத்ததும் முதல் வாய் அவர் சாப்பிட்டுத் தலையாட்டினால்தான் அண்டா பந்திக்குப் போகும். அல்சர் வந்தபின் மென்று பார்த்துவிட்டு, ஓரமாகப் போய்த் துப்பிவிடுவார். பாதி வயிற்றை அறுத்தெடுக்க வேறோர் ஆஸ்பத்திரியில் நாளும் குறித்துவிட்டார்கள். “அறுத்துட்டா அப்பறம் நான் இன்னா மாஸ்டரு?” என்று கேட்டுக்கொண்டுதான் எங்களிடம் வந்தார்.

ஜெல் மஞ்சளாகவே இருந்தது. கிருமி இல்லையென்றால் மாத்திரைக்கு வேலையில்லை, ஆபரேஷன்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டருக்குச் சந்தேகம். “மாத்திரை ஏதாவது போட்டீங்களா?”

“பின்ன? நீங்க உள்ள எட்டிப் பாக்கப் போறீங்கோ. வயித்த நீட்டா வெச்சிக்க வாணாமா? ஆசிட் மாத்திரய முழுங்கிக்கினுதான் வந்தேன்.”

விருந்தாளி வருகிறார் என்று வீட்டைப் பெருக்கிவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்! அந்த மாத்திரை கிருமியை அடக்கிச் சோதனையை ஏமாற்றிவிடும். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, மாத்திரையை நிறுத்தி, இரண்டு வாரம் வலியில் சுருண்டு கிடந்துவிட்டு மாஸ்டர் மறுபடி வந்தார்.

துணுக்கை வைத்தேன். ஓரத்தில் லேசாகச் சிவந்தது. பிறகு பரவியது. “மாறுது சார், மாறுது!” என்று நான் போட்ட கூச்சலில் வாசலில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள்.

டாக்டர் விளக்கினார். “அண்டா மூடியச் சுத்தி மாவு பூசுவீங்கள்ல? வயித்துக்குள்ளயும் கொழகொழன்னு ஒரு பூச்சு இருக்கு. ஆசிட் வயித்தையே தின்னாம தடுக்கறது அதுதான். இந்தக் கிருமி பூச்சைக் கெடுத்து, அடியில செல்லுங்க ஒட்டியிருக்கற எடத்தையும் நெகிழ வெச்சிடுது. அந்தச் சந்துல ஆசிட் எறங்கித்தான் புண்ணு.”

மாஸ்டர் துள்ளி எழுந்தார். “மாவு கீறிக்கிச்சி, அவ்ளோதானே? அதுக்குப் போயி அண்டாவ அறுப்பாங்களா சார்?”

இப்போது மூச்சை ஊதினால் போதும், மெஷின் சொல்லிவிடுகிறது. நிறமெல்லாம் கிடையாது. ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த ரோஸ்தான் தெரிகிறது. கூடவே, மருந்து முடிந்து புண் ஆறியபின் ராஜா அண்ணாமலைபுரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் சமையற்கட்டும். மாஸ்டர் மாவை உடைத்து, மூடியைத் திறந்து, முதல் வாய் போட்டு மென்றார். துப்பப் போகிறார் என்று பழக்கத்தில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். மாஸ்டர் நகரவில்லை. விழுங்கினார்.